வெண்கலத் துவாரபாலகரும் ஐப்பசி மழையும்: ஃபோம் கவசத்துக்கு வண்ணம் பூசிய கதை

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை காலை. ஃபெஞ்சல் புயல் முந்தைய இரவுதான் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்திருந்தது. பெரம்பூரில் இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் சுவரெல்லாம் வியர்த்து நின்றது. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்துக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்த, வேடத்துக்காக ஃபோமில் செய்த மார்புக்கவசத்தை எடுக்கப் போனேன். தாளும் சேர்ந்தே எழுந்து வந்தது. மெதுவாக உரித்தபோது பாதி இடத்தில் நகைக்கடை விளம்பரம் ஒன்று இடம் வலமாகப் பொன்னிறத்தின் மேல் அச்சாகியிருந்தது. மீதிப் பாதியில் பொன்னிறம் தாளோடு போய்விட, அடியில் பூசியிருந்த வெள்ளைப் பசை ஈரமான சோற்றுக்கஞ்சியைப் போல விரலில் ஒட்டியது. மூன்று வாரங்களாக அலுவலகம் விட்டு வந்த பின் இரவு பதினொன்று வரை உட்கார்ந்து செய்த வேலை அது. நான் அழவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

இந்த வேலையில் இறங்கக் காரணம், 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் முதன்முறையாக நடந்த சென்னை காமிக் கான் என்னும், படக்கதை ரசிகர்கள் கதாபாத்திர வேடமிட்டுக் கூடும் விழா. நான் வெறும் பார்வையாளனாகத்தான் போயிருந்தேன். வெளிநாட்டுக் கதாபாத்திரங்களின் உடையில் எத்தனையோ பேர் நின்றதைப் பார்த்தபோது, நம் ஊர்க் கோயில் வாசலில் ஆயிரம் ஆண்டுகளாக நிற்கும் ஆளைவிடக் கம்பீரமான வேடம் ஏது என்று தோன்றியது. தஞ்சைப் பெரிய கோயிலின் துவாரபாலகரைத்தான் சொல்கிறேன். கோரைப்பல்லும், உருட்டி விழிக்கும் கண்ணும், மிரட்டும் விரலும், காலருகே யானையை விழுங்கும் பாம்பும் உள்ள அந்த உருவம் வெண்கலத்தில் வார்க்கப்பட்டு, மழையில் நனைந்து, களிம்பேறிப் போயிருந்தால் எப்படி இருக்கும் என்பதே என் கற்பனை. நான்கு கைகளை இரண்டாகக் குறைத்துக்கொண்டேன். மகுடம், மார்புக்கவசம், தோள்கவசம், முன்கைக்கவசம், உதரபந்தம் எனும் வயிற்றுப் பட்டை, கணுக்கால் கவசம், ஒரு கதாயுதம் என்று பட்டியல் போட்டு, 8,000 ரூபாயில் முடித்துவிடலாம் என்று கணக்கும் எழுதினேன். அம்மாவின் கவலை வேறு. அவர் திருச்செந்தூர்ப் பக்கத்தவர். குலசேகரன்பட்டினத்துத் தசராவில் விரதமிருந்து வேடம் கட்டுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர். “சாமி வேஷம்னா சும்மா இல்லப்பா, விரதம் இருக்கணும்” என்றார். இவர் சாமி அல்ல, காவலர்தான் என்று சமாதானம் சொன்னேன். பின்னால் நடந்ததையெல்லாம் பார்த்துவிட்டு, விரதம் இருந்திருக்கலாமோ என்று நானே நினைத்தது உண்டு.

கட்டும் வேலையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஈ.வி.ஏ. ஃபோம் என்பது செருப்பின் அடிப்பாகத்துக்கும் உடற்பயிற்சிக் கூடத்தின் தரை விரிப்புக்கும் பயன்படும் பொருள்தான். பெரியமேட்டில் செருப்புக்கான பொருள் விற்கும் கடைகளில் 5 மி.மீ., 10 மி.மீ. தடிமனில் ஷீட்டாகக் கிடைத்தது. மெல்லிய அலங்காரங்களுக்கு 2 மி.மீ. கைவினை ஷீட்டை எழுதுபொருள் கடையில் வாங்கினேன். வெட்டுவதற்குக் கத்தி கூராக இருக்க வேண்டும் என்பதும், ரப்பர் பசையை இரு பக்கமும் தடவிக் கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து ஒரே அழுத்தில் சேர்க்க வேண்டும் என்பதும் எல்லாரும் சொல்லித்தருகிற பாடங்கள். யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் கூடத்தில் பசை தடவிக்கொண்டிருந்தபோது, பத்தடி தள்ளி அம்மா விளக்கேற்றத் தீக்குச்சியை எடுத்தார். நான் கத்திய கத்தலில் தீப்பெட்டியைக் கீழே போட்டுவிட்டார். அன்று முதல் பசை வேலை மொட்டைமாடிக்குப் போனது. துணி முகக்கவசமும் மருத்துவமனை முகக்கவசமும் இந்த ஆவியைத் தடுக்காது என்பதை இரண்டு நாள் தலைவலிக்குப் பிறகே புரிந்துகொண்டேன். ஆவிக்குக் கரி வடிகட்டியும் தூசிக்குத் தனி வடிகட்டியும் பொருத்திய அரைமுகக் கவசம் ஒன்றை 1,850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஃபோமைத் தேய்க்கும்போது பறக்கும் தூசிக்கும், சூடான காற்றை ஊதும் ஹீட் கன் பட்டால் எழும் புகைக்கும், ஸ்பிரேக்கும் எச்சரிக்கை வேண்டும் என்பதால் இந்த ஒரு செலவை நான் வீண் என்று எண்ணியதே இல்லை. முதல் நாளே வாங்கியிருக்க வேண்டிய பொருளை நாற்பதாவது நாளில் வாங்கியதுதான் தவறு.

அக்டோபர் கடைசியில் எல்லாப் பாகங்களும் பழுப்புக் கறுப்பு ஃபோமாகத் தயாராகி நின்றன. வேலை முக்கால்வாசி முடிந்தது, இனி இரண்டு வார இறுதிகளில் வண்ணம் அடித்துவிடலாம் என்று நம்பினேன். உண்மையில் அங்கேதான் வேலை தொடங்கியது. நான் முதலில் செய்தது, வன்பொருள் கடையில் இரும்புக் கதவுக்கு அடிக்கும் பொன்னிற ஸ்பிரே டப்பாக்களை வாங்கி வந்து முன்கைக்கவசத்தின் மேல் நேரடியாக அடித்ததுதான். முதல் பூச்சு எங்கே போனது என்றே தெரியவில்லை. ஷீட்டை வெட்டும்போதும் உப்புத்தாளால் தேய்க்கும்போதும் உள்ளேயுள்ள நுண்குமிழ்கள் அறுபட்டுத் திறந்த வாய்களாக நின்றுவிடுகின்றன. அடித்த வண்ணத்தையெல்லாம் அவை குடித்துவிடும். தேய்க்காத இடம் பளபளத்தது, தேய்த்த இடம் மங்கியது, ஓரங்கள் ரொட்டித் துண்டைப் போலத் தெரிந்தன. மூன்று டப்பாக்களைக் காலி செய்து ஒருவழியாக நிறத்தைச் சமன் செய்த பிறகு, கவசத்தைக் கையில் மாட்டி மூடினேன். கோடைக்காலத்து ஏரித்தரையைப் போல அதன் மேல் வெடிப்பு ஓடியது.

ஹீட் கன்னை ஃபோமின் மேல் சீராக நகர்த்திக் கொண்டுபோனால் மேற்பரப்பு இறுகி இலேசாகப் பளபளக்கும். அந்தப் பளபளப்புதான் துளைகள் மூடியதற்கு அடையாளம். இதை வண்ணத்துக்கு முன் எல்லா இடத்திலும், குறிப்பாக வெட்டிய ஓரங்களிலும் தேய்த்த இடங்களிலும் செய்தே ஆக வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் ஃபோம் சுருங்கிவிடும். பசை போட்ட இணைப்புகளில் சூடு அதிகமானால் இணைப்பு வாய் திறக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அடித்த மூன்று டப்பாக்களை விட்டுவிடுங்கள், மகுடத்துக்கு நேர்ந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். மகுடத்தின் உச்சியில் கலசம் போல ஒன்று வேண்டும் என்று தெர்மாகோல் உருண்டை ஒன்றைச் செருகியிருந்தேன். ஸ்பிரே பட்ட சில நொடிகளில் அது சூடான தோசைக்கல்லில் விழுந்த வெண்ணெயாக உள்வாங்கத் தொடங்கியது. ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான்கள் தெர்மாகோலைக் கரைத்துவிடும். தெர்மாகோலைப் பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால், நீரில் கரையும் அக்ரிலிக் பூச்சால் இடைவெளியின்றி மூடிய பிறகே ஸ்பிரேயை அருகில் கொண்டுவர வேண்டும். நான் உருண்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு, ஃபோம் வட்டங்களை அடுக்கிச் செதுக்கிக் கலசம் செய்தேன்.

அடுத்த தவறு இணைப்புகளில். இரண்டு ஷீட்டுகள் சேரும் இடத்தில் கோடு தெரிகிறதே என்று, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவர்கள் விட்டுப்போன, சுவரைச் சமன் செய்யும் பட்டியைக் குழைத்துப் பூசினேன். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தபோது கண்ணாடி போல வந்தது. என் கைத்திறனை நானே மெச்சிக்கொண்டேன். தோள்கவசத்தை ஒரு முறை வளைத்ததும் பட்டி முழுவதும் பாளம் பாளமாகத் தெறித்தது. சுவர் வளையாது, அதனால் சுவருக்குப் பட்டி பொருந்துகிறது. ஃபோம் இணைப்புக்கு, சன்னல் சட்டத்தின் ஓரத்தில் அடைக்கும் அக்ரிலிக் சீலன்ட் போதும். குழாயிலிருந்து மெல்லிய கோடாக இட்டு, ஈர விரலால் வழித்துவிட்டால் ரப்பரைப் போல இழுபடும். சிலிகான் சீலன்டை மட்டும் தவறியும் வாங்காதீர்கள். அதன் மேல் சாதாரண வண்ணம் எதுவும் நிற்பதில்லை.

இத்தனைக்கும் பிறகு, நிறைய வீடியோக்களைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன். மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து ஆறேழு முறை பூசினால், ஃபோமின் மேல் வளையக்கூடிய ஒரு தோல் உருவாகும், அதன் மேல் எந்த வண்ணமும் அடிக்கலாம் என்று அவற்றில் சொல்லியிருந்தார்கள். அது முழுப் பொய் அல்ல. காற்றில் ஈரமில்லாத ஊரில், குளிரூட்டிய அரங்கில் இரண்டு மணி நேரம் அணிந்து கழற்றும் கவசத்துக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஆனால் நான் அதைச் செய்தது நவம்பர் மாதத்துச் சென்னையில். வடகிழக்குப் பருவமழை, கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் காயாத காலம். ஒவ்வொரு பூச்சும் தொட்டால் காய்ந்தது போலவே இருந்தது. மின்விசிறிக்குக் கீழே வைத்து, நான்கைந்து மணி நேரத்தில் அடுத்த பூச்சைப் பூசினேன். மேலே தோல் கட்டி, அடியில் ஈரம் சிறைப்பட்டிருந்தது எனக்குத் தெரியாது. ஏழு பூச்சுகளுக்குப் பின் பொன்னிற எனாமல் ஸ்பிரே. ஒரு மணி நேரம் கழித்து இரண்டாம் முறை அடித்தால் நிறம் அடர்த்தியாகும் என்று நினைத்து, மறந்துபோய் மறுநாள் காலையில் அடித்தேன். முதல் பூச்சு பாதி காய்ந்த நிலையில் இருந்ததால் இரண்டாவதின் கரைப்பான் அதை ஊற வைத்து, கிழவியின் கன்னத்தைப் போலச் சுருக்கிவிட்டது. எத்தனை மணிக்குள் அடுத்த பூச்சு, தவறினால் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று டப்பாவின் பின்புறம் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருந்ததை, டப்பா காலியான பிறகுதான் படித்தேன். சுருக்கத்தையும் பழமையின் அழகாக ஏற்றுக்கொண்டு கவிழ்த்து வைத்தேன். அதன் பிறகு புயல் வந்தது.

வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் தண்ணீரை மறப்பதில்லை. ஈரம் பட்டால் மீண்டும் இளகும், வெளுக்கும், ஒட்டும். புயல் இல்லாவிட்டாலும் என் வியர்வையே அந்த வேலையைச் செய்திருக்கும். பிப்ரவரி நண்பகலில், பத்து மி.மீ. ஃபோமுக்குள் நிற்கிறவன் எவ்வளவு வியர்ப்பான் என்று நான் கணக்கிட்டதே இல்லை.

டிசம்பர் முதல் வாரம் முழுக்க உரித்தெடுப்பதில் போனது. பசையின் அந்தக் குணமே இங்கே உதவியது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பழைய துண்டைக் கவசத்தின் மேல் அரை மணி நேரம் போர்த்தி வைத்தால், பசையும் அதன் மேலிருந்த பொன்னிறமும் ஒரே தோலாக உரிந்து வந்தன. நான்கு மாலைகள் ஆயின. நேரடியாக ஸ்பிரே அடித்த முன்கைக்கவசங்கள் உரியவில்லை. பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் தொட்டால் ஃபோமே பிசுபிசுக்கத் தொடங்கியதால், அவற்றைத் தூக்கியெறிந்துவிட்டு 1,100 ரூபாய்க்குப் புது ஷீட் வாங்கி மறுபடி வெட்டினேன்.

அந்த நாட்களில்தான் எங்கள் தெருமுனையில் கார்களுக்கு டிங்கரிங், பெயின்டிங் செய்யும் அண்ணன் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தினமும் கடந்துபோகும் கடைதான். அதுவரை இணையத்தில் உலகம் முழுக்கத் தேடிய எனக்கு, முப்பது அடி தூரத்தில் இருந்தவரிடம் கேட்கத் தோன்றவில்லை. வெடித்த துண்டைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தவர், “பம்பருக்கு அடிக்கிறதும் கதவுக்கு அடிக்கிறதும் ஒண்ணா தம்பி? கதவு தகரம், பம்பர் பிளாஸ்டிக்கு. பம்பர் வளையும். அதுக்குத் தனி பிரைமர், வளையுறதுக்குப் பெயின்ட்டுல தனியா ஒண்ணு கலப்போம். நீ செருப்புல கதவு பெயின்ட்ட அடிச்சிருக்க” என்றார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு இந்த வேலை புரிந்தது அந்த நிமிடத்தில்தான். ஃபோம் எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு அதன் மேல் இருக்கும் ஒவ்வொரு அடுக்கும் வளைய வேண்டும். அடுக்குகளில் ஒன்று விறைத்து நின்றாலும் அங்கேதான் விரிசல் பிறக்கும். “மழையில அடிக்கவும் அடிக்காத, கேட்டுக்க” என்பது அவர் சேர்த்துச் சொன்னது.

அதன் பிறகு முதல் முறையாக ஒழுங்காக ஒரு காரியம் செய்தேன். மிச்ச ஃபோமில் 3 செ.மீ. அகலமும் 15 செ.மீ. நீளமுமாக ஒன்பது துண்டுகளை வெட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அடிப்பூச்சு, நிறம், மேற்பூச்சுச் சேர்க்கையைப் பூசி, எதை எப்போது பூசினேன் என்று பின்புறம் பேனாவால் எழுதினேன். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று சோதனைகள். முதலாவது, வளையம் போல இருபது முறை மடக்கி விரிப்பது. இரண்டாவது, ஈரக் கையால் ஐந்து நிமிடம் இறுகப் பிடிப்பது. வியர்வைக்கு அதுதான் மாற்று. மூன்றாவது, வண்ணம் பூசிய பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டு துண்டுகளைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு, தடித்த புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வைப்பது. வெள்ளைப் பசைத் துண்டுகள் இரண்டாவது சோதனையிலேயே தோற்றன. எனாமல் துண்டுகள் முதல் சோதனையில் தோற்றன. மூன்றிலும் தேறியது நான் எதிர்பார்க்காத ஒன்று. மொட்டைமாடியில் நீர்க்கசிவைத் தடுக்கப் பூசுகிறார்களே, காய்ந்ததும் ரப்பரைப் போல இழுபடும் அக்ரிலிக் பூச்சு, அதை அடியில் இரண்டு முறை பூசி, மேலே சாதாரண அக்ரிலிக் வண்ணம் தீட்டி, கடைசியாக நீரில் கரையும் பாலியூரித்தேன் வார்னிஷ் அடித்த துண்டுதான் அது. அதுவும் நான்காவது நாளில் மூன்றாம் சோதனையில் ஒட்டிக்கொண்டது. பத்தாவது நாளில் சுத்தமாகப் பிரிந்து வந்தது. தொட்டால் காய்ந்திருப்பதும் உள்ளுக்குள் முழுமையாக இறுகுவதும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. அந்த மாடிப்பூச்சை வாங்கும்போது நார் கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். நார் கலந்தது மேற்பரப்பில் முடி முடியாகத் தெரியும். முதல் பூச்சுக்கு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து, பிரஷ்ஷுக்குப் பதிலாகச் சிறு பஞ்சு உருளையால் பூசினால் கோடு விழாது. துணியில் பூசுவதற்கான அக்ரிலிக் வண்ணங்கள் சாதாரணக் கைவினை வண்ணங்களைவிடக் கூடுதலாக வளைகின்றன என்பதும் இந்தத் துண்டுகள் காட்டியதே.

வெண்கல நிறத்துக்கு வருவோம். இந்த வேலையில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி கிடைத்த இடம் அது ஒன்றுதான். பொன்னிறத்தை ஒரே சீராக அடித்தால் அது உலோகமாகத் தெரியாது, பரிசுக் கோப்பையாகத் தெரியும். உலோகம் தெரிவது நிழலில்தான். முதலில் எல்லாவற்றையும் கறுப்பும் அடர்பழுப்பும் கலந்த நிறத்தால் மூடினேன். உலோக வண்ணத்துக்குள் இருக்கும் மின்னும் துகள்கள் இருண்ட அடித்தளத்தின் மேல்தான் ஆழம் காட்டுகின்றன. பிறகு செம்பு நிறத்தைப் பிரஷ்ஷில் தொட்டு, காகிதத்தில் துடைத்துத் துடைத்து, ஏறக்குறைய வறண்டுபோன பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் உரசினேன். அதன் மேல், கைபடும் விளிம்புகளிலும் மகுடத்தின் முனைகளிலும் செம்போடு பொன்னைக் கலந்து இன்னும் மெலிதாக ஒரு முறை. அடுத்து, தண்ணீராகக் கரைத்த பழுப்பை முழுவதும் ஓடவிட்டு, காயும் முன் பழைய பனியன் துணியால் மேட்டை மட்டும் துடைத்தேன். பள்ளங்களில் தங்கிய பழுப்பு, செதுக்கிய ஒவ்வொரு கோட்டையும் எடுத்துக் காட்டியது.

களிம்புதான் கடினமாக இருந்தது. முதல் முயற்சியில் கிளிப்பச்சையாகப் போய், துவாரபாலகர் பாசி படிந்த தண்ணீர்த்தொட்டி போல நின்றார். அம்மாவின் பூஜை அறைக் குத்துவிளக்கை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புளி போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாத இடங்கள் எவை என்று கவனித்தால் போதும், களிம்பு எங்கே வர வேண்டும் என்பதற்கு வேறு பாடம் வேண்டாம். வளையங்களின் அடியில், அன்னத்தின் கழுத்து மடிப்பில், நீர் வடிந்து தேங்கும் விளிம்பில் அது இருந்தது. துலக்கும் கை எட்டிய மேட்டில் துளிக்கூட இல்லை. வெள்ளையில் பச்சையையும் சிறிது நீலத்தையும் கலந்து, கிட்டத்தட்டச் சுண்ணாம்பு வெளிறலாக்கி, கிழித்த பஞ்சுத் துண்டால் அந்த இடங்களில் மட்டும் ஒற்றினேன். மேலிருந்து கீழாக நீர் வழிந்தது போல இரண்டு மூன்று கோடுகளை ஈர விரலால் இழுத்துவிட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, “இத யாரு வெளக்குறது?” என்று கேட்டபோது, 17 ஆயிரம் செலவழிந்த வலி கொஞ்சம் குறைந்தது.

அந்த மகிழ்ச்சியிலும் இரண்டு இடங்களில் சறுக்கினேன். பளபளப்பு அதிகமாக இருக்கிறதே என்று ஒரு கணுக்கால் கவசத்துக்கு மட்டும் பளபளப்பு இல்லாத மேட் வார்னிஷ் அடித்தேன். செம்பு உடனே செங்கல் நிறத்துக்கு இறங்கிவிட்டது. ஒளியைச் சிதறடித்து மங்கச் செய்வதுதான் மேட் வார்னிஷின் வேலை என்பதால் உலோக மினுக்கை அது கொன்றுவிடும். களிம்பு இருக்கும் பள்ளங்களில் மட்டும் பிரஷ்ஷால் மேட், மேடுகளில் அரைப் பளபளப்பு என்று பிரித்துப் பூசியதும் சரியாக வந்தது. இரண்டாவது சறுக்கல் கதாயுதத்தில். அதன் தண்டு பி.வி.சி. குழாய் என்பதால் வளையாது, ஆகவே கைவசம் மிஞ்சியிருந்த, வேகமாகக் காயும் லாக்கர் வகைப் பெயின்ட் ஸ்பிரேயை அடிக்கலாம் என்று, மார்கழிக் காலை ஆறரை மணிக்கு மொட்டைமாடியில் அடித்தேன். பத்து நிமிடத்தில் கதாயுதத்தின் மேல் பால் ஊற்றியது போல வெண்மை படர்ந்தது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, பனிக்காற்றின் ஈரத்தைத் தன் மேல் இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம்தான் வெண்மை. கார் அண்ணனிடம் ஓடினேன். உச்சி வெயிலில் காற்று உலர்ந்திருக்கும்போது மெல்லியதாக மறுபடி ஒரு முறை அடிக்கச் சொன்னார். முக்கால்வாசி தெளிந்தது. அடிப்பகுதியில், பாம்பு சுற்றியிருக்கும் இடத்தில், மிஞ்சிய வெண்மையை அப்படியே விட்டுவிட்டேன்; கேட்பவர்களிடம் களிம்பு என்றே சொல்லி வருகிறேன். நம் கடற்கரை ஊர்களில் ஸ்பிரே வேலைக்குக் காலை பதினொன்று முதல் மூன்று மணி வரைதான் நல்ல நேரம். ராகுகாலத்தைவிட இதை நான் இப்போது கறாராகப் பார்க்கிறேன்.

2025 பிப்ரவரியில் அடுத்த சென்னை காமிக் கானுக்கு அணிந்துகொண்டு போனேன். விரிசல் ஒன்றும் இல்லை, ஒட்டவும் இல்லை. ஆனால் அரங்கத்துக்குள் நுழைந்து அரை மணி நேரத்தில் இடது தோள்கவசம் கீழே விழுந்தது. வெல்க்ரோவை வண்ணம் பூசிய பரப்பின் மேல் ஒட்டியிருந்தேன்; பசை வண்ணத்தைத்தான் பிடித்திருந்தது, வண்ணமோ தோள்கவசத்தின் எடையோடு உரிந்து வந்துவிட்டது. வார், கொக்கி, வெல்க்ரோ எதுவானாலும் அது ஒட்டும் இடத்தை மாஸ்கிங் டேப்பால் மறைத்துவிட்டு வண்ணம் பூச வேண்டும், அல்லது பூசும் முன்பே ஒட்டிவிட வேண்டும். அன்று, வேட்டி கட்டுவதற்காகக் கொண்டுபோயிருந்த நாடாவை இரண்டு துளையிட்டுக் கோத்து முடிச்சுப் போட்டுச் சமாளித்தேன். அக்குள் பக்கமும் இடுப்பு மடியும் உரசி நிறம் தேய்ந்தன. உள்ளே அணிந்திருந்த வெள்ளைப் பனியன் பழுப்பானது. உரசும் இடங்களுக்கு வார்னிஷ் இன்னும் இரண்டு முறை கூடுதலாகத் தேவைப்படுகிறது.

கணக்கையும் எழுதிவிடுகிறேன். ஃபோமும் பசையும் 4,150, ஹீட் கன்னும் கத்திகளும் 1,900, முகக்கவசம் 1,850, வார்களும் கொக்கிகளும் 640, இரண்டாம் சுற்றில் பலித்த பூச்சுகள் 2,260. பாழாய்ப் போனவை மட்டும் 11 ஸ்பிரே டப்பாக்களின் 2,860 உட்பட 5,380. அதோடு மறுபடி வாங்கிய ஷீட் 1,100. ஆக 17,280 ரூபாய், அதில் 6,480 ரூபாய்க்கு என்னிடம் காட்ட எதுவும் இல்லை. நாட்களைக் கணக்கிட்டால் வண்ண வேலை மட்டும் பதினோரு வாரங்கள். தெரிந்து செய்திருந்தால், காய்வதற்கான காத்திருப்பையும் சேர்த்து நான்கு வாரங்களில் முடிந்திருக்கும்.

இப்போது பாகங்களின் மேல் முகப்பவுடரை மெலிதாகத் தூவி, ஒவ்வொன்றுக்கும் இடையில் பழைய பருத்தி வேட்டித் துண்டை வைத்துப் பரணில் அடுக்கியிருக்கிறேன். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கவில்லை. ஒன்பது சோதனைத் துண்டுகளையும் பின்பக்கத்துப் பால்கனிக் கம்பியில், மழைச்சாரல் படும் இடத்தில், கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். அடுத்ததாக ஒரு கேடயம் செய்யும் எண்ணம் இருக்கிறது. வரும் ஐப்பசியும் கார்த்திகையும் கழிந்த பிறகு எந்தத் துண்டு எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அதற்கு ஷீட் வாங்குவேன்.